மணலில் புதைத்த கூப்பன்

எங்கள் சந்துக்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே வாய்தான். மறுமுனையில் ஒரு தொழிற்சாலையின் பின்சுவர் எழுந்து நிற்கிறது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும். எது பின்வாங்குவது என்பதில்தான் சந்தின் பாதிச் சண்டைகள் பிறக்கும். சந்தின் நடுப்பகுதியில், சுவரை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய ஓர் இரும்புக் கம்பம் உண்டு. அதற்கு நேர் எதிர்வீட்டில் குடியிருப்பவரைத்தான் நாங்கள் கூப்பன்காரர் என்று அழைக்கிறோம்.

அந்தப் பெயரைச் சூட்டியவர் முனைக்கடைக்காரர். மஞ்சள் கம்பத்தின் அடியில் எதிர்வீட்டுக்காரர் எதையோ புதைத்துக்கொண்டிருந்த நாளில், என்ன அது என்று கடைக்காரர் விசாரித்திருக்கிறார். “கூப்பன்” என்று குழிக்குள்ளிருந்து பதில் வந்தது. “எதுக்குத் தள்ளுபடி?” என்றார் கடைக்காரர். குழிக்குள் இருந்தவர் நிமிரவேயில்லை. “துருவுக்குத் தள்ளுபடி இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் புதைக்கறோம்” என்றார். அன்று மாலைக்குள் பெயர் சந்து முழுவதும் பரவிவிட்டது.

வீடுகளுக்குக் குழாய்வழியே எரிவாயு அனுப்பும் ஒரு நிறுவனத்தில், துருத் தடுப்புப் பிரிவில், அவர் பரிசோதகர். இரும்பை மண் தின்னும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதைத் தடுப்பதற்காக, புதைந்திருக்கும் குழாய்க்கு மண்ணின் வழியாகச் சிறிதளவு மின்சாரத்தை இடையறாது செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அது போய்ச் சேர்கிறதா, சேர்ந்தாலும் போதுமா என்பதைக் கண்ணால் காண வழியில்லை. அதற்காக ஊரையே தோண்டிப் போடவும் இயலாது. ஆகவே குழாயின் அதே இரும்பில் உள்ளங்கையளவு துண்டுகள் இரண்டை வெட்டி, எடை பார்த்து, குழாயின் பக்கத்திலேயே புதைப்பார்கள். இவைதாம் கூப்பன்கள். ஒன்றிலிருந்து ஒரு கம்பி மேலேறி, கம்பத்துக்குள் குழாயின் கம்பியோடு இணைந்திருக்கும். குழாய்க்குக் கிடைக்கும் காப்பு அதற்கும் கிடைக்கும். மற்றொன்று எதனோடும் சேராமல் தனித்துக் கிடக்கும். மழையில் இரண்டு பிள்ளைகளை அனுப்பி, ஒருவன் கையில் மட்டும் குடையைக் கொடுப்பது போன்றது இது. குறித்த காலம் கழித்துத் தோண்டி எடுக்கும்போது, குடையில்லாதவன் நனைந்தும் குடை பிடித்தவன் நனையாமலும் இருந்தால், குடை நல்ல குடை. குழாயும் நலமாக இருக்கிறது என்று நம்பலாம்.

இந்த வேலைக்கு அவர் நேர்வழியில் வந்து சேரவில்லை. அவருடைய தந்தை ஒரு லாரிப் பட்டறையில் இருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார். மல்லாந்து படுத்தபடி லாரியின் அடிப்பாகத்தில் ஏறிய துருவைச் சுரண்டி எடுப்பது மகனுக்கு இட்ட பணி. மூக்குக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் இரும்பு. புரண்டு படுக்க இடமிராது. சுரண்டும் துருவெல்லாம் செதில் செதிலாகக் கண்ணிலேயே விழும். எரிவாயு நிறுவனத்தில் குழி வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அண்ணாந்து பார்த்தால் வானமாவது தெரியுமே என்று ஓடிப்போய்ச் சேர்ந்தார். “பேய்க்குத் தப்பிப் பிசாசுகிட்ட மாட்டின கதை” என்று அவருடைய மனைவி இதைச் சொல்வதுண்டு. குழிவெட்டியாகத் தொடங்கி, உதவியாளராகி, கையில் மீட்டர் பிடிக்கும் பரிசோதகராக உயர்ந்தபோது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் ஊன்றிப் போயிருந்தது. எதையும் மெத்தை வைத்துத்தான் வைப்பார். மேசையின் கால்களுக்குத் துணி சுற்றியிருக்கும். கண்ணாடிக் குவளைகளுக்கிடையில் பழைய செய்தித்தாள் இருக்கும். மனைவியின் தையல் இயந்திரத்துக்கு, யாரும் தொடாத நாளிலும், ஒரு பருத்த போர்வை. இப்பழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அவர் உதவியாளராக இருந்த காலத்தில் வேறொரு பகுதியில் புதைத்த கூப்பனின் கம்பியை ஒரு கூர்மையான கல் அறுத்துவிட்டது. காத்திருந்த காலமெல்லாம் வீணாயிற்று. குழியை மூடியவர் என்ற முறையில் ஏச்சும் பேச்சும் அவருக்கே வந்து சேர்ந்தன. அன்றுமுதல் எந்தப் பொருளைக் கையாண்டாலும் அதை எந்தக் கல் அறுக்கும் என்றுதான் முதலில் பார்ப்பார். “நான் ஒரு வார்த்தை பேசினா, காதுக்குப் பஞ்சு வச்சுகிட்டுத்தான் கேப்பாரு” என்று மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மையாருக்குத் தையலே தொழில். நகரின் பெரிய துணிக்கடை ஒன்றில், வாடிக்கையாளர் வாங்கிய உடைகளைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கும் பிரிவில் இருந்தார். அது தரைக்குக் கீழே, சன்னலற்ற ஓர் அறை. காலையில் படியிறங்கினால், வெளியில் வெயிலா மழையா என்பது மாலையில் ஏறி வந்தால்தான் தெரியும். வீட்டுக்கு வந்தாலோ, இருக்கும் ஒரே சன்னல் மஞ்சள் கம்பத்தையும் அதன் பின்னால் இருக்கும் சுவரையும் காட்டும்.

அவருடைய தங்கை வேறோர் ஊரில் சொந்தமாகத் தையற்கடை வைத்திருக்கிறார். சகோதரிகள் இருவரும் சிறுவயதில் ஒரே இயந்திரத்தில் முறைவைத்துத் தொழில் பழகியவர்கள். கடையின் முகப்பு முழுவதும் கண்ணாடி. அதன் அருகே இரண்டு இயந்திரங்களுக்கு இடம் உண்டு. ஒன்றில் தங்கை அமர்ந்திருந்தார். மற்றதை அக்காவுக்கென்று வெறுமையாகவே வைத்திருந்தார். வீட்டை விற்றுவிட்டு அந்த ஊருக்குப் போய்விடுவது என்று கணவனும் மனைவியும் முடிவு செய்திருந்தனர். கூப்பன்காரரும் பணி ஓய்வுக்கு மிகத் தொலைவில் இல்லை. ஆனால் வீட்டை விற்க முடியவில்லை.

அதற்குக் காரணம் எங்கள் சந்தின் அடியில் ஓடும் குழாய். வாய்ப்பகுதியில் ஒரு பழுதைச் சரிபார்க்கத் தோண்டியபோது, வெட்டி எடுத்த துண்டில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தன. குழி ஆழமாகித் துளைத்துவிட்டால் எரிவாயு கசியும். அவை மின்காப்பு வருவதற்கு முன்பே உண்டான பழைய குழிகளா, காப்பு இருந்தும் இன்றளவும் வளர்ந்துவரும் குழிகளா என்று நிறுவனத்துக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. அது தீரும்வரை இந்தச் சந்தில் புதிதாகக் கட்டக்கூடாது, வீடு கைமாறக்கூடாது என்று நகராட்சி மூலம் தடை விதித்தார்கள். குழாயை மாற்றுவதா வேண்டாமா என்பதைக் கூப்பன் சொல்லட்டும் என்றார்கள். கூப்பன்களைப் புதைக்கும் பொறுப்பு, அந்தப் பகுதியின் பரிசோதகர் என்ற முறையில், அவருக்கே வந்தது.

புதைத்த நாளில் மழை பிடித்துக்கொண்டது. மேற்பார்வையிட வந்த பொறியாளர், கூப்பன்களைக் குழாயின் பக்கத்தில் வைத்ததைப் பார்த்துவிட்டு, மூடிவிடுமாறு கூறிச் சென்றுவிட்டார். அவரும் அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். குழியிலிருந்து எடுத்த மண் கருங்களிமண். கல்லும் கட்டியுமாகக் குவிந்து கிடந்தது. அதை அப்படியே தள்ளினால் கம்பியைக் கல் அறுக்கும் என்ற பழைய அச்சம் அவருக்கு எழுந்தது. அந்தச் சமயத்தில் குளியலறையைப் பழுதுபார்த்து மிஞ்சிய மணல் அவர் வீட்டு வாசலில் குவிந்திருந்தது. காலில் மிதிபட்டு வீடெல்லாம் ஏறுகிறது என்று மனைவி நாள்தோறும் குறைப்பட்டுக்கொண்டிருந்த மணல் அது. மனைவியே ஒரு வாளி நிறைய அள்ளிவந்து சன்னல் வழியாக நீட்டினார். “இதையாவது கொண்டுபோய்ப் போடுங்க, தொல்லை தீரட்டும்” என்றார். கூப்பன்களைச் சுற்றி நல்ல சலித்த மணலாகப் பரப்பி, தட்டி, அணைத்து, அதன்மேல் களிமண்ணைத் தள்ளி மூடினார் கூப்பன்காரர். நேர்த்தியான வேலை என்று அன்று அவருக்கு ஒரு நிறைவுகூட உண்டாயிற்று.

அதன்பின் காத்திருப்பு. மாதந்தோறும் கம்பத்தைத் திறந்து, கூப்பனின் இணைப்பை ஒரு கணம் விலக்கி, மீட்டரில் எண்ணைப் பார்த்து, மீண்டும் இணைப்பார். எண் வரம்புக்குள்ளேயே இருந்தது. சந்தே சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கும். மற்ற எல்லோரையும்விட ஆவலாக நின்றவர், நாங்கள் மாடிக்காரர் என்று அழைக்கும் அண்டை வீட்டுக்காரர். அவர் வீட்டுக்கு மாடி கிடையாது. கட்டப்போகும் மாடியைப் பற்றியே பல ஆண்டுகளாகப் பேசிவருவதால் வந்த பெயர். “எப்ப அண்ணே தோண்டுவீங்க? என் பையனுக்கு முடி கொட்டுறதுக்குள்ள தோண்டிடுங்க” என்பார். மகனுக்குப் பெண் பார்ப்பது மாடி எழும்வரை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

தங்கையும் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் இதையே கேட்டார். கடை நெருக்கடியான இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் வெறுமையாகக் கிடப்பதை எவ்வளவு காலம் தாங்க முடியும்? ஆண்டு முடிவுவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

தோண்டும் காலமும் வந்தது. ஒரு கூலியாளை வைத்துக்கொண்டு கூப்பன்காரரே தோண்டினார். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பும் அவருடையதே. இணைப்பு பெற்றிருந்த கூப்பனை முதலில் எடுத்தார். துணியால் துடைத்தார், இரும்பு மங்கலாக, ஆனால் முழுமையாக இருந்தது. கூலியாள் மகிழ்ச்சியோடு கைதட்டினான். அவரும் சிரித்துக்கொண்டே மற்றதை எடுத்தார்.

அதுவும் நன்றாகவே இருந்தது. மேலோடு சிறிது பழுப்பு, அவ்வளவுதான். அதன் மூலையில் இருந்த சிறு துளைக்குள் வெண்மணல் இரண்டு மூன்று பொடி ஒட்டிக்கொண்டிருந்தது.

சிரித்த முகத்தோடு அப்படியே குழிக்குள் குந்தியிருந்தார். குடையில்லாத பிள்ளையும் நனையாமல் வந்திருக்கிறான். அப்படியானால் அவன் நடந்த பக்கம் மழையே பெய்யவில்லை. குடை நல்லதா ஓட்டையா என்பதை அறிய வழியேயில்லை. நீர் வடிந்துபோகும் சலித்த மணலில், மெத்தையில் உறங்குவதுபோல், இந்த இரண்டும் உறங்கிவிட்டன. ஒரு முழம் தள்ளிக் குழாயோ, முந்திய காலத்தவர் போட்ட அதே கருங்களிமண்ணுக்குள், ஈரத்தில், கிடந்தது. அதைப் பற்றி இவை ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. குழியின் கரையில் மாடிக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, பாஸா?” என்றார். “கூடத்துக்குப் போய்த்தான் தெரியும்” என்று கூறிவிட்டு, மணல் தெரியாதபடி களிமண்ணைத் தள்ளி மூடச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் புதிய பொறியாளர் இருந்தார். இளம்பெண், கவனமானவர். அமிலத்தில் கழுவி எடைபோட்டதும் அவர் கண்ணிலும் அதுவே பட்டது. இணைக்காத கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுவும் இவ்வளவு நல்லா இருக்கே. குழியில எந்த மண்ணைப் போட்டு மூடினீங்க, சார்? தோண்டின மண்ணேதானே?”

“ஆமா, மேடம்.”

இரண்டே சொற்கள். சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு அவர் போகவில்லை. சொல்லக்கூடாது என்றும் திட்டமிடவில்லை. தாமாகவே வந்து விழுந்தன. சுற்றியுள்ள மண்ணே இரும்பைத் தின்னாத மண்ணாக இருந்தால் குழாய்க்கு இன்னும் நல்லதுதான் என்று பொறியாளர் முடிவுக்கு வந்தார். பரிசோதகரின் சொல்லை ஐயுற அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. சில நாள்களில் தடை நீங்கியது.

தடை நீங்கியதும் சந்தில் உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மாடிக்காரர் வாசலில் செங்கல் வந்து இறங்கியது; சந்தின் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. கூப்பன்காரரின் மனைவி, கணவனின் வேலையால் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் நன்மை இதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, மறுநாளே அட்டைப் பெட்டிகளை வாங்கிவந்தார். சாமான்களைக் கட்டத் தொடங்கினார். ஒரு வாரத்தில் முன்னறை முழுவதும் பெட்டிகள். சமையலறைக்குப் போவதென்றால் பக்கவாட்டில் நுழைந்து, வயிற்றை எக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். படுக்கைக்குத் தலைமாட்டில் ஒரு பெட்டி, கால்மாட்டில் ஒரு பெட்டி. புரண்டு படுக்க இடமில்லாமல் விழித்திருக்கையில், தமக்கு லாரியின் அடிப்பாகம் நினைவுக்கு வந்ததாகப் பின்னாளில் கூப்பன்காரர் சொன்னார்.

வீட்டை வாங்க முன்வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். மூட்டுவலியால் படியேற முடியாத தாயோடு மூன்றாவது மாடியில் குடியிருந்தார். தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும் என்பதே அவர் தேவை. இரண்டு முறை வந்து பார்த்தார். பேரமும் படிந்தது. மூன்றாம் முறை அளவுநாடாவோடு வந்து, சன்னலோரத்தில் தாயின் கட்டிலுக்கு அளவெடுத்தார். சன்னலுக்கு வெளியே மஞ்சள் கம்பம் நின்றது.

“இங்க குழாய் விஷயமா ஏதோ தடை இருந்துச்சுன்னு சொன்னாங்க, அண்ணே. நான் வேற யாரையும் கேக்கல. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பாக்கறவன் நான். இதுல எனக்கு பிரேக் நீங்கதான். ஒரே ஒரு கேள்வி. ஊருக்குப் போற வேலை இல்லாம இருந்தா, நீங்க இந்த வீட்டுல இருப்பீங்களா?”

சமையலறையிலிருந்து வந்த பாத்திர ஓசை நின்றது. மனைவி செவிசாய்த்து நிற்கிறார் என்பது கூப்பன்காரருக்குத் தெரிந்தது. ஆம் என்றால் அதுவும் உண்மையே. இத்தனை ஆண்டுகளாக அவர் இங்கேதான் இருக்கிறார். ஆனால் ஓட்டுநர் கேட்பது அதையல்ல.  கடைசியில், முன்பணம் இப்போது வேண்டாம், இரண்டு நாள் கழித்து வாருங்கள், ஒன்றைச் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஓட்டுநர் வியப்போடு பார்த்தார். நாடாவை மறந்து அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

ஓட்டுநர் படியிறங்கியதும் மனைவி வந்தார். பெட்டிகளுக்கிடையில் இருவரும் எதிரெதிரே அமர வேறு இடமில்லை. ஒருவர் ஒரு பெட்டியின் மேலும் மற்றவர் இன்னொன்றின் மேலும் அமர்ந்தனர். கூப்பன்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மணலைச் சொன்னார், இணைக்காத கூப்பனைச் சொன்னார், பொறியாளர் கேட்டதையும் தாம் கூறிய விடையையும் சொன்னார். மனைவி இடைமறிக்காமல் கேட்டார்.

“அந்த வாளியை நான்தான எடுத்துக் குடுத்தேன்” என்றார் முதலில்.

“நீ குடுத்தது மணல். போட்டது நான்.”

“சரி. குழாய் கெட்டுத்தான் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நல்லா இருக்கலாம்ல?”

“இருக்கலாம். அதுவும் தெரியாது.”

“அப்ப தெரியாத ஒண்ணுக்காக, தெரிஞ்ச ஒண்ணை நான் விடணுமா? அந்தக் கடையில எனக்கு ஒரு சன்னல் இருக்குங்க. அது எனக்குத் தெரியும்.”

 அவர் ஓட்டுநரின் நாடாவைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, “அந்த மேடம்கிட்ட தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேனே. அதுதான் உறுத்துது. அந்த ஆளு அவங்கம்மாவைக் கொண்டுவந்து இந்தச் சன்னலோரத்துல படுக்க வைப்பாரு. நாம அங்க கண்ணாடிக்குப் பக்கத்துல உக்காந்திருப்போம். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் இந்தச் சந்துலேர்ந்துதானோன்னு நான் எடுப்பேன்” என்றார்.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனார். பக்கவாட்டில் நுழையும்போது ஒரு பெட்டி சரிந்தது. அதை நிமிர்த்தவில்லை. உள்ளிருந்து, “சொல்றதுன்னா நாளைக்கே சொல்லிடுங்க. இன்னும் பெட்டி கட்ட எனக்குத் தெம்பில்ல” என்ற குரல் மட்டும் வந்தது.

மறுநாள் அவர் பொறியாளரிடம் சென்று உண்மையைக் கூறினார். அந்தப் பெண் சினந்து பேசவில்லை. அவ்வாறு பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். “கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, சார். இப்ப உங்க வார்த்தையை நம்பி நான் போட்ட கையெழுத்தையும் சேத்து வாபஸ் வாங்கணும்” என்று மட்டும் சொன்னார். மேலிடம் விளக்கம் கேட்டது. மாதாந்தர அளவெடுப்பை அவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தது. தடை மீண்டும் வந்தது. புதிய கூப்பன்களைப் புதைத்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கவேண்டும் என்று முடிவாயிற்று.

குழாய் கெட்டிருந்தால் மாற்றட்டுமே, நல்லதாயிருந்தால் விடட்டுமே. இரண்டுமில்லாமல் எங்களை ஏன் நடுவில் தொங்கவிடுகிறீர்கள் என்பதுதான் சந்தின் கேள்வி. அதைப் போய் நிறுவனத்திடம் கேட்க யாருக்கும் வழியில்லை. கூப்பன்காரர் எதிரிலேயே இருந்தார். முனைக்கடையில் அவர் வந்து நின்றால் பேச்சு அறுந்தது. மாடிக்காரர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். தம் வாசலில் குவிந்திருந்த செங்கல்லைக் காட்டி, “கூப்பன்காரரே, இதையும் புதைச்சு வச்சிடுங்க. என் பேரன் வந்து தோண்டிப் பாக்கட்டும்” என்றார். மகனுக்கே இன்னும் மணமாகவில்லை என்பதை நினைத்து யாரும் சிரிக்கவில்லை. செங்கல் அகற்றப்படவுமில்லை. இன்றும் சந்தின் பாதியை அடைத்துக்கொண்டு, அதன்மேல் பூனைகள் படுத்திருக்கின்றன.

ஓட்டுநர் சொன்ன நாளில் வந்தார். வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வந்து நாடாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “மூணாவது மாடியே இருக்கட்டும், அண்ணே” என்றார். அதில் கோபம் இருந்ததா நன்றி இருந்ததா என்று கூப்பன்காரரால் பிரித்தறிய முடியவில்லை.

தங்கை ஆண்டு முடிவுவரை பொறுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பின் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகவும், நல்ல கைவேலைக்காரி என்றும் கூறினார். அக்கா, “நல்லதும்மா, சும்மா கிடக்கக் கூடாது” என்றார். பேசி முடித்ததும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. பெட்டிகளையும் அவர் பிரிக்கவில்லை. கரண்டி தேவைப்பட்ட அன்று கரண்டிப் பெட்டியைத் திறந்தார். குளிர் வந்த பிறகு போர்வைப் பெட்டியைத் திறந்தார். மற்றவை அப்படியே இருந்தன. இருவரும் பக்கவாட்டில் நடந்து பழகிவிட்டனர். காலையில் படியிறங்கி, சன்னலற்ற அந்த அறைக்கு அவர் தொடர்ந்து போய்வந்தார். கணவனோடு பேசினார்; உப்பு, பால், சாவி, இவ்வளவுதான் பேச்சு. மணலைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. பஞ்சு வைத்துக் கேட்கும்படியாகக்கூட எதையும் சொல்வதில்லை என்பதே கணவருக்குப் பெருஞ்சுமையாயிற்று.

புதிய கூப்பன்களைப் புதைக்க வந்த நாளில் பொறியாளரும் உடன் வந்தார். அளவெடுக்கும் வேலை கூப்பன்காரரிடம் இல்லையென்றாலும், அந்தக் குழியில் எது எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர் வேறு எவரும் இல்லை. ஆகவே இறங்கச் சொன்னார்கள். பொறியாளர் கரையில் நின்று, மூடி முடியும்வரை நகரப் போவதில்லை என்றார். எங்கள் வீட்டுச் சன்னல்களிலும் முகங்கள் தெரிந்தன. குழிக்குள் இரண்டு தோள்களும் சுவரில் உராயும்படியான இடம். அவர் மண்டியிட்டு, பழைய மணலைப் பொடி விடாமல் வழித்து வாளியில் போட்டு மேலே அனுப்பினார். கூப்பன்களைக் குழாயின் அருகில் நிறுத்தினார். கருங்களிமண்ணைக் கை நிறைய எடுத்து, கல்லைப் பொறுக்கி எறிந்து, பிசைந்து, இடைவெளி இல்லாமல் இரும்போடு சேர்த்து அப்பினார். மண் விரல்களுக்கிடையில் பிதுங்கியது. குளிர்ந்த, ஈரமான, எதையும் எளிதில் விடாத மண்.

அப்போது எதிரே இருந்த சன்னல் திறந்தது. வேலைக்குப் புறப்படும் கோலத்தில், தோளில் பையோடு, அவருடைய மனைவி நின்றார். குழியையும், கரையில் நின்ற பெண்ணையும், மணல் வாளியையும் பார்த்தார்.

“இந்தத் தடவையாவது அதுங்களுக்கு மெத்தை போடாம புதைங்க” என்றார். “பட்டாத்தான் சொல்லும்.”

பொறியாளர் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு மனைவி தம்மிடம் சொன்ன முதல் நீண்ட வாக்கியம் அது என்பது குழிக்குள் இருந்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் நிமிரவில்லை. இன்னும் ஒரு பிடி களிமண்ணை எடுத்து, அழுத்தினார்.